லொறி, பஸ், டிப்பர் வீல் நட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஓடும் கனரக வாகனங்களில் பெரும்பங்கு ஜப்பானில் பாவித்து வந்தவை. மீதியில் இந்திய லொறியும் பஸ்ஸும் அதிகம். ட்ரெய்லர் இழுக்கும் ஐரோப்பிய பிரைம் மூவர் ஆங்காங்கே. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது. நடுவில் போன ஆண்டுகளில் ஒரு லொறியின் ரிம் இன்னொன்றுக்கும், ஒன்றின் அக்சில் மற்றதற்கும் மாறிப் போயின. அதனால் புத்தகத்தைப் பார்த்து நட் வாங்கும் வழி இங்கே பாதிதான் உதவும். சக்கரத்தையே பார்த்து வாங்கப் பழக வேண்டும்.

கடைக்குப் போகும் முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஸ்டட்டின் (நட் ஏறும் புரித்தண்டின்) விட்டம், புரியின் இடைவெளி, புரி வலமா இடமா, ரிம்மில் நட் உட்காரும் இடத்தின் வடிவம், நட்டின் தலை அளவு, அதன் பலத் தரம். பெரும்பாலானோர் முதல் மூன்றோடு நின்றுவிடுகிறார்கள். நான்காவதில்தான் சக்கரம் கழன்றோடுகிறது.

காரணம் எளிது. வீல் நட்டின் வேலை ரிம்மை, அக்சில் முனையில் சுழலும் ஹப்போடு நசுக்கிப் பிடிப்பது. பாரத்தைத் தாங்குவது அந்த நசுக்கலில் வரும் உராய்வு. நட் உட்காரும் முகமும் ரிம்மின் முகமும் ஒன்றோடொன்று படிந்தால்தான் அந்த நசுக்கல் நிற்கும். புரி ஏறுகிறது என்பது நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் உள்ள பொருத்தம் மட்டுமே. ரிம் அதற்குச் சம்மதித்ததா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

முடிந்தால் பழைய நட் ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். அந்த நட்டே முன்பு யாரோ பிழையாகப் போட்டதாக இருக்கலாம். ஆகையால் ரிம் ஓட்டையை நேராகவும் சாய்வாகவும் இரண்டு படம் பிடித்துக்கொண்டு போவது இன்னும் நல்லது.

ஜே.ஐ.எஸ்., ஐ.எஸ்.ஓ. என்று கடையில் கேட்கிறார்களே, எது எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜே.ஐ.எஸ். என்பது ஜப்பானின் பழைய முறை. ரிம் ஓட்டையின் வாய் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். நட்டின் அடிப்பக்கம் பந்து போல உருண்டிருக்கும். நட்டே ரிம்மை நடுவுக்குக் கொண்டுவருகிறது. 8 ஸ்டட் பெரிய லொறியில் எதிரெதிர் ஸ்டட்டின் நடுவிலிருந்து நடுவுக்கு 285 மி.மீ. நட்டின் தலை 41 மி.மீ. பின்சக்கரத்தில் இரட்டை ரயர் என்றால் ஒரு ஸ்டட்டுக்கு உள்நட், வெளிநட் என இரண்டு துண்டு. வலப்பக்கச் சக்கரத்துக்கு வலப்புரி, இடப்பக்கத்துக்கு இடப்புரி.

சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. முறையில் ரிம் ஓட்டை நேராகத் துளைத்த தட்டை ஓட்டை. நட்டின் அடியில் சுழலும் வொஷர் பிரிக்க முடியாதபடி கோத்திருக்கும். ரிம்மை நடுவில் நிறுத்துவது ஹப்பின் விளிம்பு. நட் நசுக்க மட்டும்தான். ஸ்டட் எம் 22, அதாவது விட்டம் 22 மி.மீ., புரி இடைவெளி 1.5 மி.மீ. ஜப்பானிய வாகனத்தில் தலை 33 மி.மீ., ஐரோப்பிய வாகனத்தில் 32 மி.மீ. நட்டும் உண்டு. 8 ஸ்டட் என்றால் ஸ்டட் நிற்கும் வட்டத்தின் விட்டம் 275 மி.மீ., 10 ஸ்டட் என்றால் 335 மி.மீ. இரண்டு பக்கமும் வலப்புரி. ஒற்றை ரயரானாலும் இரட்டை ரயரானாலும் ஸ்டட்டுக்கு ஒரே நட்.

ஜப்பானிய உற்பத்தியாளர்கள் தங்கள் பெரிய லொறிகளை 2010ஐ ஒட்டி ஐ.எஸ்.ஓ.வுக்கு மாற்றினார்கள். ஆனால் வாகனப் புத்தகத்திலுள்ள ஆண்டை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பின் அக்சில் மாற்றிய லொறியில் முன்சக்கரம் ஒரு முறையிலும் பின்சக்கரம் வேறு முறையிலும் இருப்பதைக் காணலாம். நான்கு மூலையையும் தனித்தனியாகப் பாருங்கள்.

8 ஓட்டை ரிம் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே, கொஞ்சம் இழைத்தால் ஏறாதா?

285க்கும் 275க்கும் 10 மி.மீ. வித்தியாசம், ஒவ்வொரு ஓட்டையும் 5 மி.மீ. தள்ளி நிற்கும். ஓட்டையை இழைத்து ஏற்றிய ரிம்களைச் சந்தையில் பார்க்கலாம். ஓட்டையின் ஒரு பக்கம் நீண்டு முட்டை வடிவமாக இருந்தால் அது இழைத்தது, அல்லது தளர்ந்த நட்டோடு ஓடித் தேய்ந்தது. எதுவானாலும் அதை இரும்புக்கு நிறுத்துப் போடுங்கள்.

8 ஓட்டையில் வட்டமே தடுத்துவிடுவதால் பிழை விடுவது கடினம். 10 ஓட்டைதான் ஏமாற்றும். 335 மி.மீ. வட்டத்தில் எம் 22 ஸ்டட்டோடு தட்டை இருக்கை (நட் உட்காரும் இடம்) ரிம்மும் வருகிறது, நட்டால் நடுநிறுத்தும் உருண்டை அல்லது கூம்பு இருக்கை ரிம்மும் வருகிறது. வட்டம் பொருந்தும், ஸ்டட் பொருந்தும், நட்டும் சுழன்று ஏறும். அடியில் இருக்கை மட்டும் வேறு.

இருக்கை மாறிப் போட்டால் என்ன ஆகும்?

உருண்டை நட்டைத் தட்டை ஓட்டையில் போட்டால், அது ஓட்டையின் கூரிய விளிம்பில் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொடும். இறுக்கும்போது, இறுக்கத்தை அளக்கும் டோர்க் ரென்ச் சரியான எண்ணில் கிளிக் என்கும். பிறகு ஓட்டத்தில் அந்த விளிம்பு நசுங்கும். நசுங்கியது பத்தில் ஒரு மில்லிமீற்றராக இருந்தாலும் ஸ்டட்டின் இழுவிசையில் பெரும்பகுதி போய்விடும், ஏனென்றால் இறுக்கிய ஸ்டட் நீள்வதே அந்த அளவுக்குத்தான்.

வொஷர் நட்டைக் கிண்ண ஓட்டையில் போட்டால் குழியின் மேல் பாலம் போட்டதுபோல் நிற்கும். நடுநிறுத்த ஒன்றுமில்லாததால் ரிம் ஒரு பக்கம் தள்ளியே பூட்டப்படும். ஸ்டியரிங் உதறுவதைப் பார்த்து பலன்ஸ் பண்ணக் கொண்டுபோவார்கள். பலன்ஸில் பிழை இராது.

சில ஐரோப்பிய வாகனங்களில் தட்டை நட்டின் கீழே உருண்டை வடிவப் பிளவு வளையம் ஒன்று தனியாக வரும். கிண்ண ஓட்டைக்கு அதுவும் சேர்த்துத்தான் நட். ரயர் கடையில் தொலைவது பெரும்பாலும் இந்த வளையம்தான். நிலத்தில் தேடி எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

புரியை எப்படி அளப்பது? பிட்ச் கேஜ் இல்லையே.

வேர்னியர் இருந்தால் போதும். ஸ்டட்டின் வெளிவிட்டத்தை அளந்துகொண்டு, ஒரு புரிமுனையிலிருந்து பத்துப் புரி தள்ளிய முனைவரை அளவுங்கள். 15 மி.மீ. வந்தால் இடைவெளி 1.5. ஜே.ஐ.எஸ். பின்சக்கர ஸ்டட் எம் 20. உள்நட்டின் வெளிப்புரி எம் 30. முன்சக்கரத்தில் எம் 24 வரும், சிலவற்றில் எம் 20. இவை எல்லாவற்றுக்கும் இடைவெளி 1.5தான்.

அங்குல அளவில் செய்த பழைய வாகனங்களும் இழுவை ட்ரெய்லர்களும் வரும்போது கவனம். முக்கால் அங்குல ஸ்டட்டின் விட்டம் 19.05 மி.மீ.; அங்குலத்துக்கு 16 புரி என்றால் இடைவெளி 1.59. எம் 20 நட் அதில் தளர்வாக ஏறும். கையால் இனிமையாகச் சுழன்று உள்ளே போகும், இறுக்கினால் இறுகுவது போலவும் இருக்கும். உண்மையில் புரியின் நுனி மட்டும் பிடித்திருக்கிறது. பாரம் வந்ததும் வழுக்கும். அதன் எதிர்ப்பக்கம், எட்டில் ஏழு அங்குல நட்டை எம் 22 ஸ்டட்டில் போடுவது. இரண்டு மூன்று புரி போய் நிற்கும். அந்த இடத்தில் எயார் கன்னை எடுத்தால் நட்டும் போகும், ஸ்டட்டும் போகும்.

சுத்தமான ஸ்டட்டில் சரியான நட் முழு நீளத்துக்கும் விரலால் ஏற வேண்டும், ஆடவும் கூடாது. நடுவழியில் பிடித்தால் கன் கேட்காமல் காரணம் தேடுங்கள்.

இடப்புரி என்றால் எதைப் பார்ப்பது?

ஸ்டட்டின் முனையிலும் நட்டின் முகத்திலும் எல், ஆர் என்ற ஆங்கில எழுத்து குத்தியிருக்கும். எல் இடப்புரி, வாகனத்தின் இடப்பக்கத்துக்கு. துருவில் எழுத்து மறைந்திருந்தால் கம்பித் தூரிகையால் தேயுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் ஸ்டட்டை நிறுத்திப் பிடித்துப் பாருங்கள்: புரி வலது மேலாக ஏறினால் வலப்புரி, இடது மேலாக ஏறினால் இடப்புரி.

முன்னே ஓடும் சக்கரம் நட்டை இறுக்கும் திசையில் உந்தட்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. புதிதாக வேலைக்கு வந்த பெடியன் இடப்பக்க நட்டைக் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போய் ஸ்டட்டை முறிப்பது எந்தக் கராஜிலும் ஒரு தடவையாவது நடந்திருக்கும். இடப்பக்க ஹப்பை மாற்றும்போது வலப்பக்க ஸ்டட் போட்ட ஹப் வந்து சேர்வதும் உண்டு. அப்போது எழுத்தை நம்புங்கள், பக்கத்தை நம்பாதீர்கள்.

உள்நட், வெளிநட் வரிசை எப்படி? ஒன்றை மட்டும் மாற்றலாமா?

ஜே.ஐ.எஸ். இரட்டைச் சக்கரத்தில் உள்நட் உட்சக்கரத்தை மட்டும் பிடிக்கிறது. அதன் வெளிப்புரியில் ஏறும் வெளிநட் வெளிச்சக்கரத்தைப் பிடிக்கிறது. உட்சக்கரத்தை ஏற்றி எல்லா உள்நட்டையும் முழு அளவுக்கு இறுக்கி முடித்த பிறகே வெளிச்சக்கரத்தைத் தூக்க வேண்டும். உள்நட்டின் தலை சதுரம், 21 மி.மீ. சொக்கெட். பழசில் 20ம் உண்டு.

பின்னர் இறுக்கிப் பார்க்கும்போது வெளிநட்டை மட்டும் இறுக்கிவிட்டுப் போவதுதான் இங்கே வழமையான பிழை. உள்நட் தளர்ந்திருந்தால் வெளியே எவ்வளவு இறுக்கினாலும் தெரியாது. சரியான முறை இது: வெளிநட்டை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதியைத் தளர்த்துங்கள், அந்த ஸ்டட்டுகளின் உள்நட்டை அளவுக்கு இறுக்குங்கள், வெளிநட்டைத் திரும்ப இறுக்குங்கள், பிறகு மீதிப் பாதிக்கு அதையே செய்யுங்கள். எல்லா வெளிநட்டையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் வெளிச்சக்கரம் இடம் மாறும்.

வெளிநட் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம், உள்நட்டின் வெளிப்புரி நல்லதாக இருந்தால். பெரும்பாலும் இராது.

அலுமினிய ரிம்முக்கு அதே நட் காணுமா?

நட்டுக்கு முன் ஸ்டட்டைக் கேளுங்கள். அலுமினிய ரிம்மின் தட்டு இரும்பு ரிம்மைவிடத் தடிப்பு. இரும்பு ரிம்முக்கு அளந்த ஸ்டட்டில் அலுமினியத்தை ஏற்றினால் நட்டுக்குப் பிடிக்கப் புரி மிஞ்சாது. ஐ.எஸ்.ஓ. முறையில் நட்டை இறுக்கிய பின் ஸ்டட்டின் முனை நட்டின் வெளிமுகத்துக்குச் சமமாகவாவது வர வேண்டும். இரண்டு மூன்று புரி வெளியே தெரிந்தால் நிம்மதி. உள்ளே ஒளிந்திருந்தால் நீள ஸ்டட் போடுங்கள். அல்லது ரிம் ஓட்டைக்குள் இறங்கும் குழாய் கொண்ட ஸ்லீவ் நட், ரிம் தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் மட்டும்.

ஜே.ஐ.எஸ்.ஸில் அலுமினியத்துக்கென்றே வேறு உள்நட் உண்டு. இரும்பிலிருந்து அலுமினியத்துக்கு மாறும்போதும், அலுமினியம் வெடித்து இரும்புக்குத் திரும்பும்போதும் நட் செட்டும் சேர்ந்து மாற வேண்டும்.

பழைய சோனகத் தெருவில் எம் 22 நட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

அங்கே இருப்பது நல்ல சாமான்தான், வேறு வேலைக்கு. ஹாட்வெயார் கடையின் சாதாரண எம் 22 நட்டுக்குப் புரி இடைவெளி 2.5, வீல் ஸ்டட்டுக்கு 1.5. ஏறவே ஏறாது. 1.5 புரியில் தேடி எடுத்தாலும் பலத் தரம் குறைவாக இருக்கும். வீல் ஸ்டட் 10.9 தரம், நட் 10 தரம். நட்டின் முகத்தில் 10 என்ற எண்ணும் தயாரிப்பாளர் குறியும் குத்தியிருக்கிறதா பாருங்கள். எண்ணும் இல்லை, குறியும் இல்லை என்றால் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம். அடியில் வொஷரைத் தனியாகப் போட்டுச் சமாளிப்பதும் வேண்டாம். கோத்த வொஷர் செய்கிற வேலையை அது செய்யாது.

மருதானை பஞ்சிகாவத்தையில் பாவித்த நட் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஒவ்வொன்றாகப் பார்த்து. செட்டாக வயரில் கோத்துத் தந்தால் வயரை அவிழ்த்துவிட்டுப் பாருங்கள். கடையில் முரிச்சி என்றாலும் நட் என்றாலும் விளங்கும்; எந்த முறை, எந்தப் பக்கம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ஐ.எஸ்.ஓ. நட் என்றால் வொஷர் விரலால் தடையில்லாமல் சுழல வேண்டும். துருவில் ஒட்டியிருந்தால் இறுக்கும்போது அது ரிம்மோடு சேர்ந்து அரைக்கும், இறுக்கம் ஸ்டட்டுக்குப் போகாது. வொஷரின் அடிமுகத்தில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் விடுங்கள். உருண்டை நட்டில் இருக்கை சீராக மின்ன வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மின்னினால் அது சாய்ந்து இருந்த நட். நீலம் பாரித்திருந்தால் காஸ் வைத்துச் சூடாக்கிக் கழற்றியது, தரம் போயிருக்கும். தலையின் மூலைகள் உருண்டிருந்தால் அடுத்த முறை கழற்ற வெல்டிங் தேவைப்படும்.

ஸ்டட்டை மட்டும் பாவித்தது வாங்காதீர்கள். அது எத்தனை தடவை மிஞ்சி இழுபட்டது என்று வெளியே தெரியாது.

புரிக்கு ஒயில் போடலாமா, கூடாதா?

பாஸ்மார் இரண்டு விதமாகவும் சொல்வார்கள், இரண்டு விதமும் எங்கோ சரி. ஜப்பானிய ஜே.ஐ.எஸ். முறையில் புரியிலும் உருண்டை இருக்கையிலும் என்ஜின் ஒயில் மெல்லியதாகப் பூசச் சொல்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. முறையில் ஸ்டட்டின் புரியிலும், நட்டுக்கும் வொஷருக்கும் இடையிலும் ஓரிரு துளி. வொஷர் ரிம்மைத் தொடும் முகத்தில் கூடவே கூடாது. அமெரிக்க உருண்டை இருக்கை முறையில் எல்லாமே உலர்ந்து இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் சக்கரம் எந்த முறையோ அதன்படி.

ஏன் இவ்வளவு கறார் என்றால், ஒரே 600 நியூட்டன் மீற்றர் இறுக்கத்துக்கு உலர்ந்த எம் 22 ஸ்டட்டில் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ 14 தொன். ஒயில் பூசியதில் ஏறத்தாழ 18 தொன். ரென்ச் ஒரே எண்ணைத்தான் காட்டும். கிறீஸும் செப்புப் பசையும் இன்னும் வழுக்குபவை; அவற்றைப் போட்டு அதே எண்ணுக்கு இறுக்கினால் ஸ்டட் தாங்கும் எல்லையை நெருங்கும். டீசல் கழுவிய ஈரத்தோடு பூட்டுவதும் இதே கணக்கில்தான் வரும்.

எவ்வளவு இறுக்க வேண்டும்? எயார் கன்னால் இறுக்கினால் போதாதா?

ஜப்பானிய பெரிய லொறிக்கு ஜே.ஐ.எஸ்., ஐ.எஸ்.ஓ. இரண்டுக்கும் 550 முதல் 600 நியூட்டன் மீற்றர். பழைய புத்தகங்களில் 55 முதல் 60 கிலோகிராம் மீற்றர் என்று இருக்கும். 6 ஸ்டட், 222.25 மி.மீ. வட்டம் கொண்ட சிறிய லொறிகளுக்கு இதைவிடக் குறைவு. கதவோரத்தில் ஒட்டிய தாளையோ புத்தகத்தையோ பாருங்கள். இந்திய, ஐரோப்பிய வாகனத்துக்கு அவரவர் சொல்லும் எண்.

டோர்க் ரென்ச் இல்லாத இடத்தில் பழைய வழி ஒன்று உண்டு. நட்டின் நடுவிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி, கிடையாக நிற்கும் பாரின் மேல் 60 கிலோ எடையுள்ளவர் முழுப் பாரத்தையும் மெதுவாகக் கொடுத்தால் 60 கிலோகிராம் மீற்றர். குதித்தால் கணக்கு கெட்டது. நடுவீதியில் சமாளிக்க இது போதும். ஊருக்கு வந்ததும் ரென்ச் வைத்துப் பாருங்கள்.

ஒரு அங்குல எயார் கன் முழுக் காற்றில் 1,500 நியூட்டன் மீற்றருக்கு மேல் தரும். ஒயில் பூசிய எம் 22, 10.9 தர ஸ்டட் ஏறத்தாழ 900ஐத் தாண்டினால் இழுபட்டுத் திரும்பாத நிலைக்குப் போகத் தொடங்கும். அன்று முறியாது. இரண்டு மாதம் கழித்துக் கடுகண்ணாவை ஏற்றத்தில் முறியும், அப்போது பழி ரோட்டுக்குப் போகும். கன் நட்டை ஓட்டி வைக்க மட்டும். இறுதி இறுக்கம் ரென்ச்சால். ரயர் கடைக்காரர் முகம் சுளித்தாலும் பக்கத்தில் நின்று செய்விக்கலாம்.

எந்த வரிசையில்?

எதிரெதிராக, நட்சத்திரம் போல. ஐ.எஸ்.ஓ. முறையில் ஹப்பின் தாங்குமுகம் ஒன்றை மேல் நோக்கி நிறுத்தி, ரிம் அதில் உட்கார்ந்ததும் உச்சி நட்டை முதலில் பிடியுங்கள். முதல் சுற்று மெல்ல, 70 நியூட்டன் மீற்றர் அளவுக்கு. இரண்டாம் சுற்று பாதிக்கு. கடைசிச் சுற்று முழு எண்ணுக்கு. ரிம்மின் முதுகு, ஹப்பின் முகம், ட்ரம்மின் விளிம்பு மூன்றையும் இதற்கு முன்பே கம்பித் தூரிகையால் சுத்தம் செய்திருக்க வேண்டும். துருவும் தடித்த பெயின்டும் நட் உட்காரும் இடத்தில் இருந்தால் அவை ஓட்டத்தில் நசுங்கி இறுக்கத்தைத் தின்றுவிடும். புதிதாகப் பெயின்ட் அடித்த ரிம் கவர்ச்சியாக இருக்கும். உட்காரும் முகத்தில் பூச்சு மெல்லியதா, நன்றாகக் காய்ந்ததா என்று நகத்தால் கீறிப் பாருங்கள்.

திரும்ப இறுக்குவது எப்போது?

50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின், தவறாமல். கொழும்பிலிருந்து கண்டி வீதியில் போனால் வரக்காப்பொலைக்கும் கேகாலைக்கும் இடையில். புத்தளம் வீதியில் சிலாபத்துக்குள். பிரேக் சூடாக இருந்தால் ஆறவிட்டு இறுக்குங்கள். துறைமுகத்துக்கும் ஒருகொடவத்தைக்கும் இடையே மட்டும் ஓடும் பிரைம் மூவர் ஒரு நாளில் இந்தத் தூரத்தை ஓடாது. ஆனால் திருப்பமும் பாரமும் அதிகம். அதற்கு அடுத்த நாள் காலையிலேயே பாருங்கள்.

ஜப்பானின் போக்குவரத்து அமைச்சு வெளியிடும் விபரங்களில் கழன்றோடும் சக்கரங்களில் பெரும்பகுதி இடப்பக்கப் பின்சக்கரம். அங்கும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓடுகிறார்கள். இடப்பக்கம் சாய்ந்த ரோட்டு, வலப்பக்கம் வேகமாகத் திரும்பும்போது இடப்பக்கத்தில் விழும் பாரம், இடப்பக்கம் திரும்பும்போது கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே முறுக்குப்படும் சக்கரம் என்று காரணம் சொல்லப்படுகிறது. நேரமில்லை என்றால்கூட அந்த மூலையை மட்டும் விடாதீர்கள்.

தளர்ந்ததைக் கண்ணால் காண முடியுமா?

பல நேரம் முடியும். நட்டின் அடியிலிருந்து துருக்கோடு வெளிப்பக்கமாக ஓடியிருந்தால் அங்கே அசைவு இருக்கிறது. ரிம்மில் நட்டைச் சுற்றி வெள்ளி போல மின்னும் வளையம், ஓட்டையிலிருந்து ஓட்டைக்குப் போகும் மயிரிழை வெடிப்பு, மற்ற ஸ்டட்டைவிட அதிகம் வெளியே தெரியும் ஒரு ஸ்டட், இவையும் அப்படியே. காலையில் சுத்தியலால் நட்டின் பக்கத்தில் இறுகும் திசைக்குத் தட்டி, எதிர்ப்பக்கத்தில் விரல் வைத்துப் பாருங்கள். இறுகிய நட் கணீரென்னும், விரலில் அதிர்வு ஒரே மாதிரி வரும். தளர்ந்தது மந்தமாகச் சொல்லும்.

இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து ரிம்வரை ஒரு கோடு வெள்ளைப் பெயின்டால் இழுத்து வைப்பது மலிவான காவல். மஞ்சள் பிளாஸ்டிக் அம்புக்குறி மாட்டுவதும் நல்லதே. ஆனால் இரண்டும் நட் சுழன்றதை மட்டும் காட்டும். சுழலாமலே இறுக்கம் குறைந்ததைக் காட்டாது.

பஸ்காரர்கள் மாட்டும் நிக்கல் தொப்பி பற்றி? அழகுதான். துருக்கோட்டை மறைப்பதும் அதுவே. மாட்டுவதானால் வாரம் ஒரு முறை கழற்றிப் பார்க்கும் பொறுமையும் வேண்டும்.

ஒரு ஸ்டட் முறிந்தால் ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. அது முறியும் முன் தன் பங்கைப் பக்கத்து இரண்டுக்கும் கொடுத்திருக்கும். ஆகக் குறைந்தது அந்த மூன்றையும் நட்டோடு மாற்றுங்கள். இரண்டு முறிந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் எல்லாவற்றையும். ஒன்று முறிந்தாலே எல்லாவற்றையும் மாற்றச் சொல்வது ஜப்பானிய நடைமுறை. பார ஏற்றம் அதிகமுள்ள டிப்பருக்கு அதையே பின்பற்றுவது நல்லது. ஹப்போடு ஸ்டட்டை வெல்டிங் பிடிப்பதைச் செய்ய விடாதீர்கள். சூடு பட்ட இடத்தின் பக்கத்திலேயே அடுத்த முறிவு வரும்.

மொத்தம் எத்தனை நட் வாங்க வேண்டும்?

ஐ.எஸ்.ஓ. 8 ஸ்டட், ஆறு ரயர் லொறிக்கு நான்கு ஹப், 32 நட். பத்து ரயர் டிப்பருக்கு, 10 ஸ்டட் என்றால், ஆறு ஹப், 60 நட். ஜே.ஐ.எஸ். 8 ஸ்டட், ஆறு ரயர் லொறிக்கு முன்னுக்கு 16, பின்னுக்கு உள்நட் 16, வெளிநட் 16. மொத்தம் 48 துண்டு, ஒவ்வொரு வகையிலும் பாதி எல், பாதி ஆர். பில் போடும் முன் எண்ணுங்கள். 48ம் ஆர் ஆக வந்து, வாகனத்தை ஜக்கில் நிறுத்திவிட்டு மருதானைக்குத் திரும்ப ஓடுவது வேண்டாத வேலை. ஒவ்வொரு வகையிலும் இரண்டு மேலதிகமாக எடுத்து டூல் பெட்டியில் ஒயில் துணியில் சுற்றி வையுங்கள், எல் தனி, ஆர் தனி.